ஸ்பானிய மொழியில் சாப்பாட்டு வார்த்தைகள்: ஆங்கிலம் வழியாகப் போகாமல் படிப்பது எப்படி

கேள்வி இதுதான்: மூன்று மாதமாக ஒரு மொழிச் செயலியில் ஸ்பானிஷ் படிக்கிறீர்கள், பழம் காய்கறி என்று முந்நூறு வார்த்தை மனப்பாடம் ஆகிவிட்டது, ஆனால் ஒரு மத்ரீத் (ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்) ஓட்டலின் பட்டியலை இணையத்தில் எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் புரியவில்லை, சர்வர் பேசுகிற வீடியோவைப் பார்த்தால் ஒன்றுமே பிடிபடவில்லை. அடுத்த மாதம் வேலைக்காக மத்ரீத் போகிறீர்கள். முட்டை கூடத் தொடாத சைவம் வேறு. எதை, எந்த வரிசையில் படிப்பது?

நான் எட்டு வருடமாக மத்ரீத்தில் இருக்கிறேன், இங்கு வந்த தமிழர்கள் சிலருக்கு வார இறுதியில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். வார்த்தைகளைத் தூக்கிக்கொண்டு வரும் சிறு வாக்கியங்கள் உங்களிடம் இல்லை, அதுதான் கோளாறு. அந்த வாக்கியங்களை ஆங்கிலம் வழியாகப் பிடிக்கப் போனால் கஷ்டப்படுவீர்கள். தமிழ் வழியாகப் போனால் பல இடங்களில் வழி நேராகவே இருக்கிறது.

உதாரணத்துக்கு, 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிய மொழியில் 'மெ குஸ்தா எல் கஃபே'. 'மெ' என்றால் எனக்கு, 'குஸ்தா' என்றால் பிடிக்கும், கடைசியில் காபி. ஆங்கிலத்தில் 'நான்' என்று தொடங்கியே பழகியவர்கள் இந்த இடத்தில் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள், ஏனென்றால் அவர்கள் கணக்கில் பிடிப்பது 'நான்' செய்கிற வேலை. நமக்கு அது சின்ன வயதிலிருந்தே 'எனக்கு' நடக்கிற விஷயம். ஒன்று மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், பிடித்த பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகும்: திராட்சை பிடிக்கும் என்றால் 'மெ குஸ்தான் லாஸ் ஊவாஸ்'. அதே மாதிரி 'மெ அப்பெத்தேஸே உன் ஸூமோ' என்றால் எனக்கு ஒரு ஜூஸ் குடிக்கவேண்டும் போல் இருக்கிறது. அதுவும் 'எனக்கு' தான்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. காலையில் இங்குள்ள காபிக்கடைக்குள் நுழைந்தால் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் 'கே தெ போங்கோ?' என்பார். 'பொனேர்' என்ற வினைக்கு அகராதியில் 'வை, போடு' என்று பொருள். அவர் கேட்பது, உங்களுக்கு என்ன போடட்டும்? நீங்கள் சொல்ல வேண்டியது 'மெ போனேஸ் உன் கஃபே கோன் லேச்சே?', அதாவது எனக்கு ஒரு பால் காபி போடுறீங்களா. நம் ஊர் டீக்கடையில் 'அண்ணே, ஒரு டீ போடுங்க' என்று சொல்கிற அதே வினை, அதே தொனி. செயலிகளில் 'எனக்கு வேண்டும்' என்பதற்கு 'கியேரோ' என்று சொல்லித்தருவார்கள், அது தப்பில்லை, ஆனால் பக்கத்தில் நிற்கும் பத்துப் பேர் 'போன்மே' என்று சொல்லும்போது அந்தக் கடையின் பேச்சுக்குள் நீங்களும் வரவேண்டுமானால் 'பொனேர்' தெரிந்திருக்க வேண்டும்.

உச்சரிப்பிலும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஸ்பானியத் 'த' பல்லில் நாக்கு படும் நம் 'த' தான், ஆங்கில 'ட' இல்லை. தக்காளிக்கு 'தொமாத்தே', 'டொமாட்டோ' வாடை வரவே கூடாது. ஸ்பானிய 'd', 'g' இரண்டும் உயிரெழுத்துகளுக்கு நடுவில் வரும்போது மென்மையாகும், அந்தப் பழக்கம் நம் மொழியிலும் உண்டு: 'அது' என்று சொல்லும்போது வரும் 'து' எப்படியோ, அப்படித்தான் 'பெஸ்காதோ' (மீன்), 'எலாதோ' (ஐஸ்கிரீம்) இவற்றின் கடைசி எழுத்து. 'அகுவா' (தண்ணீர்) என்பதில் வரும் 'கு' நம் 'அகம்' போல லேசாகத்தான். 'ஞ' என்ற எழுத்தே நம்மிடம் இருப்பதால் அன்னாசியை 'பீஞா' என்று ஒருமுறை சொன்னாலே வந்துவிடும். தமிழில் எழுதிப் படிப்பவர்கள் இரட்டித்தால் வல்லோசை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். இந்த முறை இடிக்கிற இடம் 'ந்த'. 'மெரியெந்தா' போன்றவற்றில் அது சரி, ஆனால் 'பில்' என்பதற்கான 'குவென்த்தா'வில் வல்லினமாகச் சொல்ல வேண்டும், அதனால் அங்கே 'ன்த்த' என்று எழுதியிருக்கிறேன். அப்புறம், சர்க்கரை, அரிசி போன்ற வார்த்தைகளில் வரும் ஓர் ஒலியை மத்ரீத்காரர்கள் நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள். லத்தீன் அமெரிக்கா முழுக்க அது வெறும் 'ஸ' தான், நானும் இங்கே ஸ என்றே எழுதுகிறேன். நீங்கள் ஸ என்று சொன்னாலும் மத்ரீத்தில் எல்லோருக்கும் புரியும்.

சரி, இப்போது வேளைகள். இதை முதல் வாரத்திலேயே மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஸ்பெயினில் எந்த வேளைக்கு எந்தச் சாப்பாடு என்பது கறாரானது. காலைச் சாப்பாடு 'தெசயூனோ', ஒரு காபியும் டோஸ்ட்டும், அவ்வளவுதான். மதியம் இரண்டு முதல் நான்கு மணிக்குள் 'கொமீதா', அதுதான் நாளின் பெரிய சாப்பாடு. மாலை ஆறு மணி வாக்கில் குழந்தைகளுக்கும், சில சமயம் பெரியவர்களுக்கும் 'மெரியெந்தா'. இரவு ஒன்பதுக்கு மேல் 'ஸேனா'. பல ஓட்டல்களில் மாலை நான்கரையிலிருந்து எட்டரை வரை அடுப்பே எரியாது, ஏழு மணிக்குப் பசியோடு போய் நின்றால் வறுவலும் ஆலிவும்தான் கிடைக்கும். 'அல்முவெர்ஸோ' என்ற வார்த்தையைச் செயலி 'மதிய உணவு' என்று சொல்லித்தந்திருக்கும். கொலம்பியா, பெரு, அர்ஜென்டினாவில் அது சரி. ஸ்பெயினின் பல பகுதிகளில், குறிப்பாக வலென்சியாவில், காலை பத்து பதினொன்றுக்குச் சாப்பிடுகிற கனமான இடைச் சாப்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். ஒவ்வொரு வேளைக்கும் தனி வினையும் உண்டு: 'தெசயுனார்', 'கொமேர்', 'மெரெந்தார்', 'ஸெனார்'. 'இரவுச் சாப்பாடு சாப்பிட்டாயா' என்று சுற்றி வளைக்க வேண்டாம், 'ஆஸ் ஸெனாதோ?' போதும்.

பெரிய பாடம் மதியச் சாப்பாட்டில்தான் இருக்கிறது, அதன் பெயர் 'மெனு தெல் தீயா', அன்றைய சாப்பாடு. நம் ஊர் 'மீல்ஸ்' மாதிரி ஒரு நிலையான விலை, உள்ளே எல்லாம் அடக்கம். 1960களில் சர்வாதிகாரி ஃப்ராங்கோ ஆட்சியின் சுற்றுலா அமைச்சகம், வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் முழுச் சாப்பாடு கிடைக்க வேண்டும் என்று ஓட்டல்களில் கட்டாயமாக்கிய ஏற்பாட்டிலிருந்து வந்தது இது. இன்று அதை அதிகம் சாப்பிடுவது அலுவலகத்துக்காரர்கள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: நாம் 'மெனு' என்று சொல்வது ஓட்டல் பட்டியலை, ஸ்பெயினில் 'மெனு' என்றால் இந்த மொத்தச் சாப்பாடு. பட்டியல் வேண்டுமானால் 'லா கார்த்தா' என்று கேட்க வேண்டும்.

உட்கார்ந்ததும் சர்வர் வருவார், நோட்டை எடுப்பார், 'தெ ப்ரிமேரோ?' என்பார். அவ்வளவுதான் கேள்வி. 'முதலாவதாக?' என்று பொருள், அதாவது முதல் தட்டில் என்ன வேண்டும். நீங்கள் 'தெ ப்ரிமேரோ, லென்த்தேஹாஸ்' என்று அதே வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லி, பக்கத்தில் நீங்கள் வேண்டும் என்கிற பொருளை ஒட்டவைக்க வேண்டும். லென்த்தேஹாஸ் என்றால் மைசூர்ப் பருப்பு வகை, இங்கே குழம்பாக வைப்பார்கள். அடுத்து 'தெ செகுந்தோ?', இரண்டாவது தட்டு, பெரும்பாலும் மீன் அல்லது இறைச்சி. பிறகு 'பாரா பெபேர்?', குடிக்க? கடைசியில் 'போஸ்த்ரே ஓ கஃபே?', இனிப்பா காபியா? இந்த நான்கு கேள்விகளும் நான் போன எல்லா ஓட்டலிலும் ஒரே வரிசையில்தான் வந்திருக்கின்றன, அதனால் காதில் பாதிதான் விழுந்தாலும் வரிசையை வைத்தே எந்தக் கேள்வி என்று கண்டுபிடித்துவிடலாம். வாரத்துக்கு இரண்டு முறை போய் இதைச் சாப்பிடுங்கள், விலை 12 முதல் 16 யூரோ ஆகும். எந்த வகுப்பையும் விட இது எனக்கு அதிகம் கற்றுத்தந்தது. தண்ணீருக்கு 'அகுவா தெல் க்ரீஃபோ' என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர். 2022இல் வந்த குப்பைக் குறைப்புச் சட்டப்படி ஓட்டல்கள் அதை இலவசமாகத் தர வேண்டும்.

இப்போது உங்களுக்கு மிக முக்கியமான பகுதி, சைவம். இதை நிதானமாகப் படியுங்கள்.

நான் வந்த புதிதில் முழுச் சைவமான நண்பர் ஒருவரோடு சாப்பிடப் போனேன். அவர் 'ஸின் கார்னே', இறைச்சி இல்லாமல் என்று தெளிவாகச் சொல்லி, பட்டியலில் பச்சை பீன்ஸ் என்று இருந்ததைக் கேட்டார். தட்டு வந்தது, பீன்ஸ் மேலே பொடிப்பொடியாக நறுக்கிய பன்றித்தொடைக் கறி. சர்வர் எங்களை ஏமாற்றவில்லை. இங்கே பலர் பேச்சில் 'கார்னே' என்றால் தட்டில் துண்டாக வருகிற இறைச்சி. உப்பிட்டுக் காயவைத்த 'ஹமோன்' அவர்கள் மனசில் ஒரு வாசனைப்பொருள் மாதிரி. நண்பர் அன்று ரொட்டி மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்தார், அது எனக்கு இன்றும் வருத்தம்தான், மூன்றே வார்த்தை தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

அதனால் 'நான் சைவம்' என்பதற்கான 'சோய் பெஹெத்தாரியானோ' (பெண் என்றால் 'பெஹெத்தாரியானா') என்பதோடு நிறுத்தாதீர்கள். இதை அப்படியே மனப்பாடம் செய்யுங்கள்: 'நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன், நி உவேவோ.' இறைச்சி, மீன், ஹமோன், முட்டை எதுவும் சாப்பிடமாட்டேன். ஹமோனைத் தனியாகச் சொல்வது அவசியம். மீனும் அப்படியே: 'என்சலாதா மிக்ஸ்தா' என்கிற கலவை சாலட் மேலே டூனா மீனும் அவித்த முட்டையும் வருவது சாதாரணம். பருப்புக் குழம்பில் 'சொரீஸோ' என்ற பன்றித் தொத்திறைச்சி (சாசேஜ்) கிடக்கும். 'சல்மொரேஹோ' என்ற குளிர்ந்த தக்காளிச் சாறு சைவம்தான், ஆனால் மேலே முட்டையும் ஹமோனும் தூவுவார்கள். 'தொர்த்தீயா' என்றால் ஸ்பெயினில் உருளைக்கிழங்கு போட்ட முட்டை ஆம்லெட், மெக்சிகோவில்தான் அது சோள ரொட்டி. 'ஃப்லான்' என்ற இனிப்பிலும் முட்டை உண்டு. நிம்மதியாகச் சாப்பிட 'அர்ரோஸ் கோன் லேச்சே' இருக்கிறது, பாலும் அரிசியும் பட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்டது, குளிரவைத்த பால் பாயசம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி: 'கே யேவா?' 'யேவார்' என்றால் கொண்டுபோவது, சுமப்பது. இந்தச் சாப்பாடு தனக்குள் எதைச் சுமந்து வருகிறது என்பதுதான் கேள்வி, நாம் 'இதுல என்ன போட்டிருக்கு' என்று கேட்கிற இடம். 'யேவா உவேவோ?' முட்டை போட்டிருக்கா? 'யேவா ஹமோன்?' ஒரு வினைதான், பின்னால் எந்தப் பொருளையும் மாட்டலாம். அதே வினையில்தான் பார்சலும் இருக்கிறது, 'பாரா யேவார்'. மாட்டிறைச்சி மட்டும் சாப்பிடாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அகராதி கன்றுக்கறி என்று சொல்லும் 'தெர்னேரா' தான் இங்கே மாட்டிறைச்சிக்கு அன்றாடப் பெயர், மெக்சிகோவில் 'ரெஸ்'. பன்றி 'ஸெர்தோ'. கோழி 'போயோ'.

மீனைப் பற்றி ஒரு சின்ன நுணுக்கம்: தண்ணீரில் நீந்துவது 'பெஸ்', பிடித்துத் தட்டுக்கு வந்ததும் 'பெஸ்காதோ', பொருள் 'பிடிபட்டது'. நமக்கு இரண்டும் மீன்தான்.

காரத்துக்கு வருவோம். கொலம்பஸ் 1492இல் மிளகு தேடிக் கிளம்பியவர், கிடைத்தது மிளகாய். மிளகுக்கு ஸ்பானிய மொழியில் 'பிமியென்த்தா', அதையொட்டிக் குடைமிளகாய்க்கு 'பிமியென்த்தோ' என்று பெயர் வந்தது. நாம் என்ன செய்தோம்? மிளகு தெரியும், புதிதாக ஒரு காய் வந்தது, மிளகு + காய், மிளகாய். உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு மொழிகள் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டால் கடைசியில் 'ஆ'வா 'ஓ'வா என்ற குழப்பம் வராது. காய்ந்த மிளகாய்ப்பொடி மாதிரி சிவப்பாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் காரம் இல்லாத பொடி 'பிமென்த்தோன்'. உண்மையான கார மிளகாய் ஸ்பெயினில் 'கிந்தீயா', மெக்சிகோவில் 'சீலே', பெருவில் 'அஹீ'. காரம் 'பிக்கான்த்தே', சூடு 'கலியென்த்தே', ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை வைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு, நமக்கு அந்தப் பிரச்சினையே இல்லை.

வார்த்தைகளின் வரலாறு ஞாபகத்துக்கு நல்ல கொக்கி என்பதால் இன்னும் இரண்டு சொல்கிறேன். 711இலிருந்து 1492 வரை இந்த நிலத்தின் ஏதாவது ஒரு பகுதியிலாவது அரபு பேசும் முஸ்லிம் ஆட்சி இருந்தது, அதனால் 'அ'வில் தொடங்கும் சாப்பாட்டு வார்த்தைகள் பல, அரபு முன்னொட்டோடு வந்து ஒட்டிக்கொண்டவை: 'அர்ரோஸ்' அரிசி, 'அஸேய்த்தே' எண்ணெய், 'அஸேய்த்தூனா' ஆலிவ் காய், 'அஸூக்கார்' சர்க்கரை. இந்த அஸூக்காரும் நம் சர்க்கரையும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து இரண்டு பக்கம் கிளம்பியவை. ஆரஞ்சுக்கு 'நராங்ஹா', அதன் வேர் பாரசீகம், வடமொழி என்று பின்னால் போய் ஒரு திராவிட மொழியைத் தொடும் என்று பலர் கருதுகிறார்கள், நாரத்தங்காய் நினைவுக்கு வருகிறதா? மாம்பழத்துக்கு 'மாங்கோ', அதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ரொட்டிக்கு 'பான்'. இலங்கைத் தமிழர்கள் 'பாண்' என்று சொல்வது போர்த்துகீசியரிடமிருந்து வந்தது, ஸ்பானிய 'பான்' அதன் கூடப்பிறந்தது.

ஒன்று நமக்குக் கஷ்டம், மறைக்காமல் சொல்கிறேன்: பால். பொருளுக்கெல்லாம் ஆண்பால், பெண்பால். நமக்கு அஃறிணை என்றால் ஒரே 'அது'. பால் என்ற பானம் பெண்பால், 'லா லேச்சே'. ரொட்டி ஆண்பால், 'எல் பான்'. உப்பு 'லா சால்', அரிசி 'எல் அர்ரோஸ்'. இதற்குக் குறுக்குவழி கிடையாது, மனப்பாடம் செய்யும்போது எந்தப் பெயரையும் 'எல்' அல்லது 'லா' சேர்க்காமல் எழுதவும் கூடாது, சொல்லவும் கூடாது. ஒரே ஓர் ஆறுதல், பழத்துக்கும் மரத்துக்கும் உள்ள உறவு: 'மன்ஸானா' ஆப்பிள், 'மன்ஸானோ' ஆப்பிள் மரம், 'நராங்ஹா' பழம், 'நராங்ஹோ' மரம். விதிவிலக்கு உண்டு, ஆனால் பெரும்பாலும் பழம் பெண், மரம் ஆண்.

வந்து இறங்கியதும் சூப்பர் மார்க்கெட்டோடு நின்றுவிடாமல் மெர்காதோவுக்குப் போங்கள், மூடிய சந்தை, லவாபியேஸ் பகுதியில் சான் ஃபெர்னாந்தோ, குவாத்ரோ கமீனோஸ் பக்கம் மராவியாஸ் என்று நிறைய இருக்கின்றன. வரிசை என்று கண்ணுக்குத் தெரியாது, போனதும் 'கியேன் எஸ் எல் ஊல்த்திமோ?', கடைசி ஆள் யார் என்று கேட்க வேண்டும், ஒருவர் கை தூக்குவார், அவருக்குப் பின் நீங்கள். உங்கள் முறை வந்ததும் மறுபடியும் அந்தப் போடு வினைதான், மரியாதையோடு: 'போங்காமே மேதியோ கீலோ தெ தொமாத்தேஸ்', அரைக்கிலோ தக்காளி போடுங்க. ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற பாட்டி 'குவார்த்தோ இ மித்தாத்' பாலாடைக்கட்டி கேட்டார். கால், அப்புறம் பாதி. தராசு 375 கிராம் காட்டியது. கால் கிலோவும், அந்தக் காலில் பாதியும். நம் பழைய கணக்கில் காலே அரைக்கால். என் தாத்தா வாய்பாட்டில் சொல்லிக்கேட்ட அளவை மத்ரீத் சந்தையில் ஒரு பாட்டி சாதாரணமாகச் சொன்னது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சமையல் வினைகளையும் தமிழிலிருந்தே பிடியுங்கள். 'ஃப்ரெயீர்' பொரிப்பது, 'கொஸேர்' வேகவைப்பது, 'அசார்' அடுப்பிலோ தணலிலோ சுடுவது. 'ரெயோகார்' என்பதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு வரி வேண்டும், தமிழில் ஒரே வார்த்தை: வதக்குவது. வெங்காயம், தக்காளி, பூண்டை எண்ணெயில் மெதுவாக வதக்கி எடுத்தால் அது 'சொஃப்ரீத்தோ', இங்குள்ள பாதிக் குழம்புகளுக்கு அதுதான் அடிப்படை. ஓட்டல் பட்டியலில் 'ஆ லா ப்லான்சா' என்று இருந்தால் தோசைக்கல் போன்ற தட்டில் வாட்டியது. அந்தக் கல்லில் இறைச்சியும் போட்டிருப்பார்கள் என்பதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு ஊர் பெயர் மாறுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உருளைக்கிழங்கு ஸ்பெயினில் 'பத்தாத்தா', கடலுக்கு அப்பால் 'பாப்பா'. வெண்ணெய்ப்பழம் 'அகுவகாத்தே', தெற்கே சிலி, அர்ஜென்டினா, பெருவில் 'பால்த்தா'. வேர்க்கடலை 'ககவேத்தே', 'ககவாத்தே', 'மனீ'. நாமே அதை வேர்க்கடலை, நிலக்கடலை, மல்லாட்டை, கச்சான் என்று சொல்கிறோமே. உங்களுக்கு மத்ரீத் என்பதால் ஸ்பெயின் பெயரை வாயால் சொல்லப் பழகுங்கள், மற்றதைக் காதுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு ஒரு மாதம் இருக்கிறது. முந்நூறு வார்த்தைப் பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள். மத்ரீத் ஓட்டல்கள் பல தங்கள் மெனு தெல் தீயாவைத் தினமும் இணையத்தில் போடுகின்றன, நாளுக்கு ஒன்று எடுத்து, இன்று நான் தெ ப்ரிமேரோ என்ன கேட்பேன், எதைப் பற்றி 'கே யேவா' என்று கேட்பேன் என்று சத்தமாகச் சொல்லிப்பாருங்கள். வீட்டில் மளிகைச் சீட்டை எல், லா சேர்த்து ஸ்பானிய மொழியில் எழுதுங்கள். சீரகம் 'எல் கொமீனோ', கடுகு 'லா மொஸ்தாஸா', மஞ்சள் 'லா கூர்க்குமா', கொத்தமல்லி 'எல் ஸிலான்த்ரோ'. இந்த நான்கும் லவாபியேஸில் உள்ள வங்கதேசக் கடைகளில் கிடைக்கும், முதல் வாரமே ரசம் வைத்துவிடலாம்.